கஸ்பரின் பழைய கூரை

கஸ்பருக்கு இல்லையென்று சொல்ல வராது. பேசத் தெரியாதவர் அல்ல. முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டியவர். தலவாக்கலையிலிருந்து கொழும்பு வரை வழியிலிருந்த கடைக்காரர், பொலிஸ்காரர் எல்லோரையும் இரண்டு பாஷையிலும் பேசியே சமாளித்தவர். ஆனால் யாராவது நேரில் நின்று ஒன்றைக் கேட்டுவிட்டால் அவர் தலை தானாக ஆடிவிடும். தலை போன பிறகு வாய் மட்டும் எங்கே போகும், அதுவும் பின்னாலேயே போகும்.

மகள் யூஜினாவின் கல்யாணமே அப்படி நடந்ததுதான். உடப்புசல்லாவைப் பக்கம் சவரிமுத்து வீட்டில் தங்கள் மகனுக்குப் பெண் கேட்டார்கள். அவ்வளவு தூரத்தில் பிள்ளையைக் கொடுக்க வேண்டாம் என்று தீர்மானித்த மனைவி பெற்றீசியா, மரியாதையாக நேரில் போய்ச் சொல்லிவிட்டு வரும்படி இவரை பஸ் ஏற்றி அனுப்பினாள். சாயங்காலம் கஸ்பர் ஒரு பை நிறைய லீக்ஸ் மரக்கறியோடும் ஒரு கல்யாணத் தேதியோடும் திரும்பி வந்தார். இரண்டு நாள் அவருக்குச் சோறு கிடைத்தது, கறி கிடைக்கவில்லை. நல்லவேளை, மாப்பிள்ளை சுகந்தன் தங்கமான பையன். அந்தச் சங்கதி வீட்டோடு அமுங்கிப் போயிற்று.

இப்போது கூரை விஷயம். கஸ்பர் ஓய்வு பெற்றதும் வாங்கிய வீடு ஒரு காலத்தில் தோட்டத்துக் கிளாக்கர் குடியிருந்தது. கூரை முழுக்க அந்தக் காலத்து அஸ்பெஸ்டோஸ் சீட். போன மழையில் அடுப்பங்கரையில் ஒரு சட்டி, படுக்கையில் ஒரு சட்டி என்று வைத்துப் பார்த்துச் சலித்துப்போய், எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தகரம் போடுவதென்று முடிவு செய்தார்கள்.

ஒரு வீட்டில் பழைய சீட் கழற்றப் போகிறார்கள் என்ற செய்தி எங்கள் மலையில் கல்யாணச் செய்தியைவிட வேகமாகப் பரவும். பக்கத்து வீட்டு யோகேஸ்வரன் கோழிக்கூட்டுக்குக் கேட்டார். தலை ஆடியது. பாலர் பாடசாலை டீச்சர் தனுஜா, பிள்ளைகள் கை கழுவும் இடத்துக்கு மேலே போடக் கேட்டாள். ஆடியது. சம்பந்தி சவரிமுத்து போனில் கேட்டார்; சமையலறையை ஒட்டி மாட்டுக்கொட்டில் போடப் போகிறாராம். போனில் தலையாட்டினால் தெரியாதே என்று கஸ்பர் வாய்விட்டே சொன்னார்.

"ஒங்களுக்கு இல்லாததா சம்பந்தி, முழுசா எடுத்துக்கிருங்க."

மூன்று பேருக்கும் முழுசாகத்தான்.

தண்ணீர்த் தாங்கி பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர்தான் குட்டையைக் குழப்பினார். கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, சீட்டை உடைக்கக்கூடாது, அறுக்கக்கூடாது, நனைத்து ஆணி கழற்றி முழுசாக இறக்கிப் பொலித்தீனில் சுற்ற வேண்டும் என்றார். பிரதேச சபை லொறி வந்து எடுத்துப்போய்க் கிடங்கு வெட்டிப் புதைக்கும், ஒருவருக்கும் கொடுக்காதீர்கள், அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் போனதுதான் என்று சிங்களத்தில் நிதானமாகச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரும் குடித்துவிட்டுப் போனார்.

கஸ்பர் சம்பந்தியை நினைத்தார். சவரிமுத்து எதையும் அளந்து வெட்டிப் போடுகிற மனிதர். அதற்கென்றே கிரைண்டர் வைத்திருக்கிறார். கொட்டிலில் வெட்டினால் தூசி நேரே சமையலறை ஜன்னலுக்குள் போகும். ஜன்னலுக்கு உள்ளே யூஜினா நிற்பாள், மூன்று வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு.

"போன் போட்டுக் குடுக்க முடியாதுன்னு சொல்லுங்க" என்றாள் பெற்றீசியா.

கஸ்பர் போட்டார். மழையைப் பற்றிப் பேசினார். மாட்டின் பாலைப் பற்றிப் பேசினார். வைத்துவிட்டார்.

"சொல்லிட்டீங்களா?"

"எல்லாரும் சொகமா இருக்காங்களாம்."

"நீயே சொல்லேன்" என்று கெஞ்சியும் பார்த்தார். அவள் அசையவில்லை. ஆமான்னு சொன்ன வாய்தான் இல்லைன்னும் சொல்லணும் என்றுவிட்டாள். மகளிடம் சொன்னால் மாமனாருக்கும் மருமகளுக்கும் மூட்டிவிட்ட பாவம் வரும்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வியாழக்கிழமை சீட் இறங்கும். வெள்ளிக்கிழமை சபை லொறி. சனிக்கிழமைதான் சம்பந்தி வருவார். வந்தால், "போயிருச்சு" என்று சொல்லிவிடலாம். போயிருச்சு வேறு, இல்லை வேறு. அந்த வார்த்தை கஸ்பருக்கு நன்றாகவே வரும்.

வியாழக்கிழமை தூறல் போட்டு நனைக்கும் வேலையில் பாதியை மழையே பார்த்துக்கொண்டது. கொரோனாக் காலத்து மாஸ்க்கைத் தேடியெடுத்துக் கட்டிக்கொண்டு கூரை வேலைக்கு வந்த மேசன் பாஸும் ஆட்களும் ஒரு சீட்டும் உடையாமல் இறக்கினார்கள். பொலித்தீனில் சுற்றிக் கயிறு கட்டி வாசலில் கிடத்தியபோது, வழியில் போன ஒருத்தி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, செத்தது யாரென்று மெதுவாகக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை லொறி வரவில்லை. டயர் போய்விட்டதாம், திங்கட்கிழமைதானாம்.

சனிக்கிழமை காலையிலேயே யோகேஸ்வரனும் தனுஜாவும் வந்துவிட்டார்கள். ஒருவருக்கு வாக்குக் கொடுத்தது மற்றவருக்குத் தெரிந்து, யார் முதலில் கேட்டது என்று வாசலிலேயே வழக்கு நடந்தது. கஸ்பருக்கு உள்ளூரச் சந்தோஷம். திங்கட்கிழமை வரை சண்டை பிடித்தால்கூடத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுக்கத் தயாராக இருந்தார். அதற்குள் வாடகை லொறியில் சவரிமுத்து வந்து இறங்கினார்.

"சம்பந்திக்குன்னா நாங்க என்னா சொல்றது" என்று இரண்டு பேரும் பெருந்தன்மையாக விலகிக்கொண்டார்கள். கஸ்பர் மனதுக்குள் அவர்களைத் திட்டினார்.

சவரிமுத்து பொட்டலத்தைத் தட்டிப் பார்த்தார். "பரவாயில்லையே, கட்டியே வச்சிருக்கீங்க. ஏத்திரலாமா சம்பந்தி?"

தலை கீழே போகப் பார்த்தது. கஸ்பர் கழுத்தை விறைப்பாக்கிக்கொண்டார். நெற்றி வேர்த்தது.

"இல்ல சம்பந்தி. தர மாட்டேன்."

உள்ளே பெற்றீசியா ரொட்டி தட்டும் சத்தம் நின்றது. கஸ்பர் பரிசோதகர் சொன்னது, தூசி, கிரைண்டர், ஜன்னல், யூஜினா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். கேட்டு முடிந்ததும் யோகேஸ்வரன் பொட்டலத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்றார். தனுஜா தன் பாலர் பாடசாலைப் பிள்ளைகளை நினைத்துச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"இத போன்லயே சொல்லிருக்கலாமே. லொறி புடிச்சு வந்துருக்கேன்" என்றார் சவரிமுத்து.

"சொல்லத்தான் போன் போட்டேன், வாயில வரல. இல்லைன்னு சொல்ல எனக்கு வராதுங்க."

"வராதா?"

"வராது."

சவரிமுத்து அவரையே பார்த்தார். "அப்ப எங்க வீட்டுல வந்து ஒக்காந்து, மகளத் தாரேன்னு தலையாட்டுனீங்களே. அது?"

ஒரு தடவை இல்லையென்று சொன்ன வாய்க்குள் அன்று உண்மையும் அடங்கவில்லை.

"வேணாம்னு சொல்லத்தான் வந்தேன் சம்பந்தி" என்றார் கஸ்பர். "சோறு போட்டீங்க, அன்பாப் பேசுனீங்க. வரல. இன்னைக்கும் வந்துருக்காது. யூஜினாவ நெனச்சேன், வந்துருச்சு." மகளின் வாழ்க்கையில் தானே மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று பயந்தார்.

சவரிமுத்து படியில் உட்கார்ந்தார். குலுங்கினார். அழுகிறார் என்றுதான் முதலில் கஸ்பர் நினைத்தார்.

"நான் ஏன் கேட்டேன் தெரியுமா? எங்க வீட்டுக்காரி அவ அண்ணன் மகளப் பாத்து வச்சிருந்தா. பய யூஜினாதான் வேணும்னு சாப்புடாம கெடந்தான். சும்மா கேட்டு வைப்போம், தூரம்னு நீங்களே வேணாம்னு சொல்லிருவீங்கன்னு நம்பிக் கேட்டேன். நீங்க தலைய ஆட்டிட்டீங்க. அன்னையிலிருந்து ஒரு வாரம் எனக்குக் கறி கெடையாது."

"எனக்கு ரெண்டு நாள்" என்றார் கஸ்பர்.

இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்த சவரிமுத்து, வந்த லொறி வெறுமனே திரும்ப வேண்டாமே என்று வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"அது சரி, புதுத் தகரம் மிச்சம் மீதி ஏதும் இருக்குமா சம்பந்தி?"

ஒரு துண்டு மிச்சமில்லை. கஸ்பரின் தலை ஆடத் தொடங்கியது. உள்ளேயிருந்து வந்த பெற்றீசியா, மாவு ஒட்டிய கையாலேயே அதைப் பிடித்து நிறுத்தினாள்.