பாதி டேங்கு

ஆனி மாதத்து முதல் ஞாயிறன்று காலை, தம்பி நாகப்பனைக் கூட்டிக்கொண்டு சித்ரா தாய்வீட்டுக்குப் போக நெமிலிச்சேரியில் அரக்கோணம் ரயிலேறினாள். நாகப்பனின் வலக்கையில் மாவுக்கட்டு. கணவன் பால்ராஜ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“சத்தியமா ஸ்பீடு ஏத்தல சித்ரா. முள்ளு இருபத்தஞ்சுலயே நின்னுகினு இருந்துச்சு.”

“ஏத்தாமதான் அம்மாம் பெரிய வண்டி தானா படுத்துகிச்சா? எந்தம்பி கைய ஒடச்சதும் இல்லாம, பொய்யி வேற பேசறியே.”

பால்ராஜின் லாரியில் நாகப்பன்தான் கிளீனர். வண்டி சாய்ந்தபோது செல்போனில் மூழ்கிக் கிடந்தவன், முள்ளை எங்கே பார்த்தான்?

பால்ராஜ் பன்னிரண்டு வருடம் தண்ணீர் லாரி ஓட்டியவன். வண்டி கவிழ்ந்த அன்று மாங்காட்டு அடுக்ககம் ஒன்றில் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு, மீதியோடு பூந்தமல்லிப் பக்கம் ஒரு வளைவில் திரும்பினான். எத்தனையோ முறை அதே இருபத்தைந்தில் திரும்பிய வளைவுதான். ஆனால் அப்போதெல்லாம் டேங்கு நிறைந்திருக்கும், இல்லை காலியாக இருக்கும்.

முதலாளி அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அம்பத்தூரில் ஓர் அடுக்ககத்தில் தண்ணீர் மோட்டாரைப் போட்டு நிறுத்தும் வேலை கிடைத்தது. மோட்டார் அறையிலேயே படுக்கை. நாள் முழுக்க அவன் வாயிலிருந்து வரும் சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு விடுமுறை நாள் காலையில், பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலோடு, வேக முள் தெரியும்படி பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான்.

“இன்னா அண்ணாத்தே, பாட்டிலுக்கு ஊரு சுத்திக் காட்றியா? அதுக்கும் அரை டிக்கெட் போட்டுரவா?” என்றார் நடத்துனர்.

“போடு. அதுவாவது எங்கூட வருதே.”

நேர்ச் சாலையில் தண்ணீர் சும்மா இருந்தது. வளைவு வந்தது. முள் அசையவில்லை, தண்ணீர் மட்டும் வெளிப்பக்கமாக ஏறியது. வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை, போகும் திசைதான் மாறியது. திசையை மாற்றவும் ஓர் இழுப்பு வேண்டியிருக்கிறது. டயரைச் சாலை உள்பக்கம் இழுக்கிறது. தண்ணீரோ பழைய நேர்கோட்டிலேயே போகப் பார்க்கிறது. நிறைந்த டேங்கில் அதற்கு நகர இடமில்லை, பாதி டேங்கில் உண்டு. ஆறாயிரம் லிட்டர் அப்படிப் போகப் பார்த்தால் லாரி என்ன ஆகும்? அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதி டேங்குக்கு அந்த இருபத்தைந்தே அதிகம் என்பதும் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் சித்ராவுக்கு போன் போட்டான்.

“சித்ரா, கையில பாட்டில வெச்சிகினு பாத்தேன்...”

“காலைலயேவா?” என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை. மூன்று ஆனி போயிற்று. நான்காவது வருடம் மாசியில், மொட்டைமாடித் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவனுடைய போனுக்கு சித்ராவிடமிருந்து ஒரு செய்தி வந்தது:

“நாகப்பன் இப்போ டேங்கர் ஓட்டறான். நேத்து பாதி லோடோட வளைவுல திரும்பும்போது வண்டி ஒரு பக்கம் தூக்கிச்சாம். மெதுவாத்தான் வந்தேன்க்கானு அழுதான். அவனை நம்புனேன். அன்னிக்கி உன்னை நம்பல. வர்றதப் பத்தி மட்டும் இப்போ கேக்காத.”