புதன்கிழமைக் காகிதம்

உத்தமன் ஆபீசில் திருடிவிட்டு ஓடிவந்தானாம்! அதே தெரு வேம்புலியம்மாள் இன்னமும் குழாயடியில் நின்று ஊருக்கெல்லாம் சொல்கிறாள். அவன் எடுத்து வந்தது என்ன, தங்கக் காசா? கரி அப்பிய ஒரு காகிதம். அடுப்பு பற்றவைக்கக்கூட ஆகாது. கண்ணாடி நாரில் செய்தது, எரியாது.

தொண்ணூற்றைந்தில் நடந்தது. அம்பத்தூரில் ஜெகதாம்பாள் வீட்டு மொட்டைமாடியில் சர்க்காரின் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் ஒரு மெஷினை வைத்தது. அது காற்றை இழுக்கும். பொடித் தூசி காகிதத்தில் படியும். மாட்டும் முன் ஒரு எடை, கழற்றிய பின் ஒரு எடை. கூடின எடைதான் நம் மூச்சில் போகிற அழுக்கு. திங்கள், வியாழன் என்று கிழமை குறித்திருந்தார்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு காகிதம் மாற்றுவது உத்தமன் வேலை. ஏழு வருஷமாகத் தினக்கூலி; நிரந்தரம் ஆகிவிடும் என்று வீட்டில் காத்துக் கிடந்தார்கள்.

மெஷின் மாவு மில் மாதிரி இரையும். முதலில் தெருவே திட்டியது. பிறகு, அது ஓடுகிற நாளில் தோய்த்தால் வெள்ளைத் துணி வெள்ளையாகவே காய்கிறது என்று பெண்கள் கண்டுகொண்டார்கள். திங்களும் வியாழனும் மாடியெல்லாம் துணி.

“இன்னா நைனா, உன் மெஷினு கரியெல்லாம் துன்னுடுது! தெனம் போட்டா இன்னா?” என்றாள் ஜெகதாம்பாள்.

“அது துன்னாதுக்கா, அளக்கும்.”

“அப்ப மத்த நாளு மட்டும் கரி எங்கேர்ந்து வர்து?”

உத்தமன் திரும்பி, தெருவுக்குப் பின்னால் இருந்த இரும்பு உருக்கும் பட்டறையைப் பார்த்தான். அன்று வியாழன். புகைபோக்கி விரதம் இருந்தது. மெஷின் ஓடும் கிழமை பட்டறைக்காரனுக்கும் தெரியும் அல்லவா!

அடுத்த புதன்கிழமை யாரையும் கேட்காமல் மெஷினைப் போட்டான். காகிதம் வாணலி அடி போல் கறுத்தது. எடை போட்டு அதிகாரி குணசேகரனிடம் நீட்டினான்.

“இது புதன்கிழமைக் காத்துய்யா. நம்ம முறையில புதன் இல்லியே.”

“ஜனங்க புதன்கெழமையும் மூச்சு வுட்றாங்க சார்.”

“காத்து சுத்தம்னு வருஷ ரிப்போர்ட் எழுதியாச்சு. அளந்தவன்னு நீ கையெழுத்துப் போடு. அடுத்த மாசம் நீ நிரந்தரம்.”

சொல்லிக்கொண்டே அவர் பேனாவை அவன் கையில் கொடுத்துவிட்டு, கரிக் காகிதத்தைக் குப்பைக்கூடையில் போட்டார். உத்தமன் பேனாவை மூடி மேசைமேல் வைத்தான். குனிந்து காகிதத்தை எடுத்து, மடித்துச் சட்டைப் பையில் செருகினான்.

“ஏய், அது ஆபீஸ் சொத்து! வெச்சிட்டுப் போ!” என்று கத்தினார் அதிகாரி.

குப்பையில் கிடந்தது அந்த நிமிஷத்தில்தான் சொத்து ஆயிற்று. உத்தமன் திரும்பவில்லை. பையோரம் கரி ஒட்டிய சட்டையோடு கதவைத் தாண்டி வெளியே போனான்.