மஞ்சள் ஸ்வெட்டருக்காக ஒரு புத்தகம்

புத்தகம் எழுதுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. எழுதுகிறேன் என்று நாலு பேருக்குத் தெரிந்த பிறகுதான் கஷ்டமே. பட்டவர்களுக்குத் தெரியும். இனிமேல் படப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

வரவேற்பு மேசை

பிரிஞ்சாங் என்கிற மலையூரில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை எனக்கு. விருந்தாளி வராத நேரமெல்லாம் எழுதினேன். நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீடுகள்தான் கதை. ஆனால் உண்மையைச் சொன்னால், எழுதியது ஒரே ஒருத்திக்காக.

எங்கள் லைனில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். எல்லாருக்கும் பட்டப்பெயர்தான். காதில் பென்சில் செருகிக்கொண்டு திரிந்ததால் நான் பென்சில். வருஷம் முழுக்க ஒரே மஞ்சள் ஸ்வெட்டரைப் போட்டிருந்ததால் பக்கத்து வீட்டுப் பெண் ஸ்வெட்டர். பிறப்புப் பத்திரம் இல்லை என்று அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. சாயங்காலம் என் பாடப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்வெட்டர் கையைக் கடித்தபடியே எழுத்துக் கூட்டிப் படிப்பாள். எனக்கு அந்த நேரம்தான் நாளிலேயே பிடித்த நேரம். திடீரென்று ஒருநாள் அவள் குடும்பம் சாமானை லோரியில் ஏற்றிக்கொண்டு ஈப்போ பக்கம் இறங்கிப் போய்விட்டது. நிஜப் பெயர்கூடத் தெரியாதவளை எங்கே போய்த் தேடுவது? புத்தகமாகப் போட்டால் என்றைக்காவது அவள் கண்ணில் படும் என்று நினைத்தேன்.

நான் தலை நிமிராமல் எழுதுவதைப் பார்த்த மேனேஜர், என்ன ஏதென்று விசாரித்தார். சொன்னேன். அதற்கு அவர் சொன்னது: "எழுதறதுதான் எழுதற, நம்ம ரூம்ல சுடுதண்ணி நல்லா வருதுன்னு ஒரு வரி சேத்துக்க லா."

கதை கேட்கப் போனால்

லைனுக்கு மோட்டார் சைக்கிளில் ரொட்டி கொண்டுவந்து விற்ற ரொட்டி அங்கிளிடம் போய் உட்கார்ந்தேன். துரை பங்களாவுக்குப் போக வேண்டிய கிறிஸ்மஸ் கேக்கை வழியிலேயே லைன் பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்த கதையை, நடித்தே காட்டினார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. கேட்ட சூட்டோடு அனுமதியும் வாங்கிவிட வேண்டும், நான் வாங்காமல் எழுந்துவிட்டேன். வாசல் வரைக்கும் வந்து சொன்னார்: "நான் போன பிறகு அச்சடிம்மா. அதுக்குள்ள நீ போயிட்டா யாரு அச்சடிப்பான்னும் யோசிச்சு வச்சுக்க."

பிறகு கெஞ்சிக் கூத்தாடித்தான் சம்மதம் வாங்கினேன்.

நூலுக்கு மரியாதை

திருத்திக் கொடுத்தவர் இந்த மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்த தமிழாசிரியர். தங்கமான மனுஷர், காசு வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் கையெழுத்துப் பிரதி திரும்பி வந்தபோது என் லோரியெல்லாம் சரக்குந்து ஆகியிருந்தது. சரி போகட்டும். பட்டப்பெயர்களையும் எடுத்துவிட்டு, எல்லாருக்கும் ஞானஸ்நானப் பெயர் போட வேண்டும் என்றார். ரொட்டி அங்கிள் திரு. சவரிமுத்து ஆனார். ஸ்வெட்டருக்குத்தான் போட ஒரு பெயர் இல்லை. அவரே யோசித்து, மலர்விழி என்று வைத்தார். எனக்கு மனசே இல்லை; அவ்வளவு உழைத்தவரிடம் எப்படி மறுப்பது? இழுத்துப் பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பேரே இல்லாத பிள்ளைய எப்படிம்மா புத்தகத்துல நடமாட விடறது?"

வெளியீட்டு விழா

தேவாலய மண்டபத்தில் விழா. பழைய லைன்காரர்கள் எல்லாம் மலைக்குக் கீழேயிருந்தும் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு புத்தகம் வாங்கி, அங்கேயே தங்களைத் தேட ஆரம்பித்தார்கள். பாவம், பட்டப்பெயர் இல்லாமல் ஒருத்தருக்கும் தன்னைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ரொட்டி அங்கிளின் அடுத்த வீட்டிலேயே ஆயுசைக் கழித்த மேரி ஆன்ட்டி கேக் கதையைப் படித்து உருகிப்போனார். பக்கத்து நாற்காலியில் அங்கிள் கறிபாப் சாப்பிட்டுக்கொண்டிருக்க, என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "இந்த சவரிமுத்து ரொம்ப நல்ல மனுஷனா இருக்காரே. தோட்டத்துல எந்த டிவிஷன்ல இருந்தாரு?"

சோளத்துக்குப் பக்கத்தில்

மலை இறங்கி ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூர் என்று கூட்டம் நடக்கிற இடமெல்லாம் புத்தக மூட்டையோடு போனேன். ஒவ்வொரு ஊரிலும் கூட்டத்தில் என் வயசுப் பெண்கள் முகத்தையெல்லாம் பார்ப்பேன். ஸ்வெட்டர் இல்லை. சலித்துப்போய், மிஞ்சிய புத்தகங்களை கியா பார்ம் சந்தையில் என் சித்தி மகள் ஜெனிட்டாவின் கடையில் அடுக்கினேன். ஸ்ட்ராபெரிக்கும் அவித்த சோளத்துக்கும் நடுவில் இடம் கிடைத்தது. முதல் நாளே ஒரு சுற்றுலாக்காரர் புத்தகத்தைக் கையில் எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கையெழுத்துப் போட நான் பேனாவைத் திறந்தேன். அப்புறம் ஜெனிட்டாவைப் பார்த்து, "சோளம் சூடா இருக்கா?" என்றார்.

சலாட் அக்கா

ஹோட்டலில் லீவு கிடைத்த ஒரு வாரநாளில் ஜெனிட்டா கடையில் உட்கார்ந்திருந்தேன். இதே மலையிலிருக்கும் கோலா தெர்லா காய்கறித் தோட்டத்து லோரி வந்து நின்றது. "சலாட் அக்கா வந்துட்டாங்க" என்று ஜெனிட்டா எழுந்தாள். பல வருஷமாக அவளுக்கு சலாட் கீரை கொண்டுவந்து போடுகிறவராம். அவருடைய நிஜப் பெயர் இவளுக்கும் தெரியாது.

கூடைகளை இறக்கும் வரைக்கும் அந்த அக்கா சும்மா நின்றார். சோளத்துக்குப் பக்கத்திலிருந்த புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். வரிக்குக் கீழே விரல் வைத்து, எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். ஒரு பக்கம் திருப்பினார். நின்றார். மறுபடி அதே பக்கத்தைப் படித்தார். படிக்கப் படிக்க, போட்டிருந்த ஜாக்கெட் கையை வாயில் வைத்துக் கடிக்க ஆரம்பித்தார்.

 எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன்.  அழுதுகொண்டிருந்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். விரலை அந்த வரியிலிருந்து எடுக்கவே இல்லை.

"ஏன் பென்சிலு, என் ஸ்வெட்டர எதுக்கு மலர்விழிக்குக் குடுத்த?"

ஆகவே எழுதுகிறவர்களே, புத்தக மூட்டையோடு ஊர் ஊராக இறங்குவதற்கு முன்னால், உங்கள் வீட்டுக்கு சலாட் யார் கொண்டுவருகிறார்கள் என்று ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.