என்ஜின் சத்தம் சரியில்லை

காரைக்கால் வட்டாரத்தில் விமானம் ஓட்டிய ஆள் என்று பெயர் எடுத்தவர் ஒருவர்தான். அவரும் ஓட்டியதாக ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "சைகோன்ல விமானப்படையில இருந்தேன்" என்பார், அத்தோடு நிறுத்திக்கொள்வார். மீதியைக் கேட்டவர்கள் முடித்துக்கொண்டார்கள். ஊருக்கு ஒரு விமானி தேவைப்பட்டார். கோட்டுச்சேரி யாகப்பன் மறுக்கவில்லை.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, பென்ஷனோடும் ஒரு தொப்பியோடும் அறுபத்திரண்டாம் வருஷம் திரும்பியவர். ஊர் அவரை, பிரெஞ்சு துரையைக் கூப்பிடுவதுபோல, மரியாதையாக முசே என்று கூப்பிட்டது. எழுபத்தொன்றில் பாகிஸ்தான் சண்டை வந்தபோது அந்த மரியாதை உச்சிக்குப் போனது. கடல் பக்கம் வானத்தில் எது உறுமினாலும் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து ஆள் ஓடி வரும். முசே அண்ணாந்து பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "ரெண்டு என்ஜின். எடது பக்கத்தது இருமுது. நம்மளுதுதான், பயப்படாம போங்க" என்பார். ஊரும் பயப்படாமல் போனது.

அதிலிருந்து எந்த விழாவிலும் அவருக்கு முதல் வரிசையில் நாற்காலி. ஒரு முறை குரும்பகரத்தில் விதைநெல் கண்காட்சியைத் திறந்துவைக்கக்கூட அவரைத்தான் அழைத்தார்கள். ஆகாயத்திலேயே பறந்தவருக்கு நெல்லைப் பற்றித் தெரியாமலா இருக்கும்?

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், எண்பத்தெட்டாம் வருஷம், பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த மருமகன் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். கூடவே ஒரு போர் விமான விளையாட்டு. திரையில் ஓடுபாதை, விமானி உட்காரும் இடம், கருவிகள் எல்லாம் இருந்தன. அப்பா பழைய நாளை நினைத்துச் சந்தோஷப்படுவார் என்று மகள் சலோமி தேடிப் பிடித்து வாங்கியதாம். பெற்ற பிள்ளைகள் பாசத்தால் செய்கிற கொடுமைக்கு எந்த நாட்டிலும் தண்டனை கிடையாது.

முதல் நாளே கூடம் நிறைந்துவிட்டது. முசே தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பதினாலு நொடியில் விமானம் கடலுக்குள் போய்விட்டது. மனைவி லூர்தம்மாள், தண்ணியில விட்டுட்டீங்களே என்றார்.

"என்ஜின் சத்தம் சரியில்ல" என்றார் முசே. "சத்தம் சரியில்லாம எவன் ஓட்டுவான்?"

கூடம் தலையாட்டியது. இதைத் தொழில் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். மருமகன் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தி, சத்தத்தைச் சரிசெய்யவென்றே உள்ளே ஒரு பக்கம் இருப்பதைக் காட்டினார். பிரெஞ்சில் ஐந்து வரிகள்: என்ஜின், துப்பாக்கி, காற்று, அடிபடுவது, கூட வரும் விமானங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பத்துக் கட்டங்கள். மாமனாருக்கு அவர் செய்த உபகாரங்களில் இதற்கு மேல் ஒன்று கிடையாது.

மருமகன் பிரான்சுக்குத் திரும்பிய பிறகு விசைப்பலகைக்கு ஆள் வேண்டியிருந்தது. கோட்டுச்சேரியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தும் பூமிநாதன் தானே முன்வந்தார். கண்ணை மூடிக்கொண்டு நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை அடிப்பவர். ஆனால் அது பிரான்சு நாட்டுப் பலகை. 'ஏ' இருக்கவேண்டிய இடத்தில் 'க்யூ' உட்கார்ந்திருந்தது. பூமிநாதனின் விரல்கள் இருபது வருஷப் பழக்கத்தை விடவில்லை. என்ஜினை ஏற்றச் சொன்னால் சுடுவார். அதுவும் ஓடுபாதையில் நின்றபடியே, முன்னால் நிற்கும் நம் கட்சி விமானத்தை.

அப்புறம் ஐந்து மாதம் ஒரே வேலைதான். சாயங்காலமானால் முசே கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். என்ஜினை ஆறில் வைக்கச் சொல்வார், ஏழு என்பார், பழையபடி ஆறு என்பார். காற்று அதிகம் என்பார். பூமிநாதன் ஏற்றி இறக்குவார். அந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. அணைத்துவிட்டால் எல்லாம் ஐந்தாம் கட்டத்துக்குத் திரும்பிவிடும், மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முசே இதை ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. சரியாக வரும்போல இருக்கிற நாளில் கரண்ட் போய்விடும். அதற்காக மின்துறையை வாழ்த்திய ஒரே குடிமகன் அவராகத்தான் இருப்பார். பார்க்க வந்தவர்களுக்கு லூர்தம்மாள் டீ போட்டார். விமானம் மட்டும் கிளம்பவில்லை.

ஆவணியில் ரேடியோ கடை சேக் பரீது வந்து பார்த்தார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எங்கேதான் கோளாறு என்று விசாரித்தார். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கர் எலுமிச்சம்பழம் அளவு, அதில் எந்த என்ஜின் ஒழுங்காகக் கேட்கும் என்றார் முசே. அவ்வளவுதானே என்றார் பரீது. "ஞாயித்துக்கிழமை நீங்க பூசைக்குப் போயிட்டு வாங்க முசே. ஸ்பீக்கர நான் கொண்டாறேன். அன்னிக்கு நீங்க ஓட்டுறீங்க, நாங்க பாக்குறோம்."

அந்த ஞாயிறு பூசையில் முசே வழக்கத்தைவிட நீண்ட நேரம் முழங்காலில் இருந்ததாகச் சொல்கிறார்கள். பிரயோஜனமில்லை. வீட்டுக்கு வந்தால் ஆள் உயரத்துக்கு இரண்டு பெட்டிகள் நின்றன. கூடம், வாசல், ஜன்னல் எங்கும் தலைகள். கரண்டும் இருந்தது.

"என்ஜின் ஏழு" என்றார் முசே, கண்ணை மூடி. "காத்து ரெண்டு. கூட வர்றதோட சத்தத்த எட்டுல வைங்க. இல்ல, ஒம்போது."

ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. முசேயின் முகம் மாறியது. சத்தம் சரியாகிவிட்டது. அது அவருக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

பரீது நாற்காலியை இழுத்துப் போட்டார். முசே உட்காரவில்லை, நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அந்த விளையாட்டில் நாம் ஓட்டும் தலைமை விமானம் கிளம்பாவிட்டால் கூட வரும் ஐந்தும் காத்திருக்காது. ஒவ்வொன்றாக எழும்பிப் போயின. உறுமல் தேய்ந்தது. எங்கோ தூரத்தில் சுடுகிற சத்தம். பிறகு அதுவும் இல்லை. கூட்டம் திரையில் காலி ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து மெல்ல ஒரு இரைச்சல் திரும்பி வந்தது.

"நாலுதான் வருது" என்றார் முசே. கண் திறக்கவில்லை. குரல் மட்டும் வேறு யாருக்கோ உத்தரவு போடுவதுபோல இருந்தது. "ஒரு தட்டை எடுத்துடு."

திரையில் நான்கு விமானங்கள் தெரிந்தன. எல்லோரும் எண்ணிப் பார்த்தார்கள். நான்குதான்.

"என்ன தட்டு முசே?" என்றார் பரீது.

அந்த இடத்தில் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். பிரெஞ்சில் நாலு வார்த்தை சொல்லியிருந்தால்கூட ஊர் தலையாட்டியிருக்கும்.

"சாப்பாட்டுத் தட்டு, பாய். போன வண்டிக்கெல்லாம் தட்டு போட்டு வச்சிருப்போம். திரும்பி வர்ற சத்தத்த எண்ணி, வராததுக்கு எடுத்துடணும். அவனுங்க உள்ள வரும்போது காலித் தட்டு கண்ணுல படக்கூடாது."

"எடுத்தது யாரு?"

"நான்தான்." கண்ணைத் திறந்தார். "ஓடுபாதைக்குப் பக்கத்துலதான் சமையல்கட்டு. எட்டு வருஷம் அங்கதான்."

யாருக்கும் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியவில்லை. சிரிக்கத் தயாராக வந்திருந்த பரீது ஸ்பீக்கர் ஒயரைச் சரிசெய்யத் தொடங்கினார், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. பூமிநாதனின் விரல் தவறி நாலைந்து குண்டுகள் பறந்தன.

டீ தட்டோடு நடைவாசலில் நின்ற லூர்தம்மாள்தான் முதலில் பேசினார். அவருக்கு விமானிப் பட்டம் போனதில் வருத்தமே இல்லை.

"சமையல்கட்டுலயா?" என்றார்.

"ம்."

"உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?"

"நூத்தம்பது பேருக்கு" என்றார் முசே. அவ்வளவு நேரத்தில் அப்போதுதான் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. நிமிர்த்தியிருக்கக் கூடாது.

லூர்தம்மாள் மனசுக்குள் இருபத்தாறு வருஷத்தையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். பிள்ளை பெற்ற மாதங்கள், டைபாய்டு வந்த மழைக்காலம், இந்த ஐந்து மாத டீ. பிறகு தட்டை அப்படியே அவர் கையில் கொடுத்தார். சமையலறை இருக்கும் திசையைக் கையால் காட்டினார். கூட்டம் விலகி வழிவிட, போய் முசேக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, எதை அமுக்கணும்?"

பூமிநாதன் இந்த முறை விரலைப் பார்த்துச் சரியாகக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, உப்பு எதுல இருக்கு என்று ஒரு குரல் கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. விமானம் அப்போதுதான் தரையை விட்டு எழும்பியிருந்தது.