மூடினால் பூஜ்யம் காட்ட வேண்டும்

டூல்ஸ் கடை கவுண்டரில் நிற்பவர்களே, கனம் அளக்கிற வெர்னியர் விற்கிற வேலையில் துல்லியமாக இருப்பது கால்வலி மட்டும்தான். பிளஸ் டூவோடு படிப்பு போதும் என்று துபாய்ப் பக்கம் அஜ்மானுக்கு வந்தவன் நான். ஏழு மாதமாக நிற்கிறேன்.

எது நல்லது?

எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். தூசியும் எண்ணெயுமான வேலைக்குச் சாதா வெர்னியர் போதும்; டயல் வைத்தது என்றால் உள்ளே பல்சக்கரத்தில் துகள் சிக்கும். டிஜிட்டலை அணைத்து வைத்தாலும் பேட்டரி தீரும், கழற்றி வையுங்கள். இதையெல்லாம் ஒரு சூப்பர்வைசரிடம் பத்து நிமிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "எல்லாம் சரி தம்பி, கீழ போட்டா உடையாதது எது?"

கேரண்டி

வாங்கி ஒரு மாதத்தில் ஒருவர் வெர்னியரைத் திருப்பிக் கொண்டுவந்தார். பொருளைக் கவ்வி அளக்கும் தாடை முனை இரண்டும் மழுங்கிப் போயிருந்தன. "இதால தகட்டுல கோடு கிழிச்சீங்களா?" என்றேன். கொஞ்சமும் கூசாமல், "ஆணி கிடைக்கலப்பா" என்றார்.

பன்னிரண்டு பின்

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டுகிற செல்வம் அண்ணன் புதுக்கோட்டைக்காரர். வேலைக்குச் சேர்ந்து இன்னும் ப்ரொபேஷன் முடியவில்லை. என்னிடம் வாங்கிய டிஜிட்டல் வெர்னியரை வைத்து, புஜைரா துறைமுகத்துப் பம்பு ஒன்றின் ஓட்டைகளில் செருகப் பன்னிரண்டு இரும்புப் பின் கடைந்தார். ஒன்றுகூட ஓட்டைக்குள் போகவில்லை, எல்லாமே தடிமன். ஊருக்கு அனுப்பிவிடுவதாக ஃபோர்மேன் சொல்லிவிட்டாராம்.

வெர்னியரை வாங்கி மூடிப் பார்த்தேன். பூஜ்யம் வரவில்லை, மைனஸ் காட்டியது. அப்புறம்தான் உறைத்தது. புதுசில் தாடைக்கு நடுவே எண்ணெய்த் தாள் இருக்கும். அவர் வாங்கிய அன்றைக்குக் கடையில் கூட்டம், அவசரத்தில் அதை எடுக்காமலே ஜீரோ பட்டனை அமுக்கிக் கொடுத்திருக்கிறேன். தாளின் கனம் பன்னிரண்டு பின்னிலும் ஏறிவிட்டது. "மூடிப் பார்க்கலையாண்ணே?" என்று எரிந்து விழுந்தேன். "நீ ஜீரோ வெச்சுக் குடுத்தே. அதை எதுக்குத் தொடணும்னு விட்டுட்டேன்" என்றார்.

ஃபோர்மேனிடம்

பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஒரு நிமிடம் அப்படியும் நினைத்தேன். பிறகு எரிச்சலோடு அதே மாதிரி ஒரு எண்ணெய்த் தாளை எடுத்துப் போய், தப்பு என்னுடையது என்று ஃபோர்மேனிடம் சொன்னேன். அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தடிமன்தானே, இன்னும் கொஞ்சம் கடைந்தால் சரியாகிவிடும் என்று பின்களைச் செல்வம் அண்ணன் பக்கம் தள்ளினார். "கலாஸ், முடிஞ்சுது. யல்லா, வேலையைப் பார்" என்றார். என் முதலாளி அவ்வளவு சுலபமாக விடவில்லை. அது வேறு கதை.

மறுநாள் செல்வம் அண்ணன் அதே வெர்னியரோடு கவுண்டருக்கு வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "வாயைத் திறக்காம இதை ஒரு தடவை மூடிக் காட்டு" என்றார்.

இப்போது ஒவ்வொருவருக்கும் தாளை உருவிவிட்டு, மூடி, பூஜ்யத்தைக் காட்டித்தான் கொடுக்கிறேன். அவர்கள் பார்ப்பதென்னவோ விலைச் சீட்டை மட்டும்தான்.