சவரக் கத்திக்கு வைத்திருந்த கல்

எங்கள் வீட்டுக்காரர் அடுத்தவர் கையில் முகத்தைக் கொடுக்க மாட்டார். பிளேடு பட்டால் கழுத்தெல்லாம் தடித்துவிடும் என்று மடக்குக் கத்தியால் தானே சவரம் செய்துகொள்வார். கத்தி, அதைத் தீட்டுகிற கல், தீட்டிய பிறகு இழுத்துப் பதம் பார்க்கிற தோல்வார் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். அந்தக் கல்லை மட்டும் என்னைத் தொட விடமாட்டார். கடையில் விற்கிற சாணைக்கல் இல்லை அது. என் மாமனார் வெள்ளாற்றில் பொறுக்கி வந்து, தேய்த்துத் தேய்த்துச் சமன் செய்த ஆற்றுக்கல். உள்ளங்கை அகலம்தான். காய்ந்தால் சாம்பல் நிறம், நனைந்தால் லேசாகப் பச்சை காட்டும். தடவிப் பார்த்தால் கரைந்த சோப்புக்கட்டி மாதிரி இருக்கும்.

போன ஆடியில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிப் போனது. நடக்க நடக்கத்தான் கால் திரும்பி வரும், உட்கார்ந்தால் அப்படியே நின்றுபோகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். தினமும் இடது கையில் கம்பை ஊன்ற வைத்து டீக்கடை வரைக்கும் கூட்டிப் போனேன். முகத்தில் தாடி காடாக வளர்ந்திருந்தது. சலூன்காரரை வீட்டுக்கே அழைத்துப் பார்த்தேன். இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

டீக்கடைக்காரன் எனக்குத் தம்பி முறை. ஒருநாள் இவரைப் பார்த்ததும், "என்ன மச்சான், தாடியும் கீடியுமா? அக்கா முழுகாம இருக்கா?" என்று கேட்டுவிட்டான். பெண்டாட்டி மாசமாக இருந்தால் புருஷன் சவரம் செய்யாமல் இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இந்த வயதில் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவன் வேண்டுமென்று புண்படுத்தவில்லை. பழைய ஆளாக இருந்தால் இவர் ஒன்றுக்கு ரெண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பார். அன்றைக்கு வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

அதோடு வாசலைத் தாண்டவில்லை. கூப்பிட்டால், "வ... வரல" என்பார். கால் மறுபடி மரக்கட்டையாகிக்கொண்டு வந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஒரு காலையில் டப்பாவை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். கத்தி மழுங்கிக் கிடந்தது. கதிர் அரிவாளை எத்தனையோ தரம் தீட்டியிருக்கிறேன், இது என்ன பெரிசு என்று நினைத்தேன். கல்லை நனைத்து, அரிவாளுக்குச் செய்வது போலவே கத்தியைச் சாய்த்துப் பிடித்து, அழுத்தித் தேய்த்தேன். கர்ரென்று சத்தம். உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து நின்றார்.

"ஏய்! வை... வைடி!"

"நீங்க வெளிய வரமாட்டேங்கிறீங்க. நான் என்னதான் செய்ய?" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து, இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துத் தாழ்த்தினார். கத்தியின் முதுகும் கூரும் ஒன்றாகக் கல்லில் படுத்துவிட்டன. "அ... அழுத்தாத." கத்தியின் கனமே போதும் என்பது அப்போதுதான் புரிந்தது. கூர்ப்பக்கத்தை முன்னே விட்டுத் தள்ள வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல் புரட்ட வேண்டும். போகப் போகச் சத்தம் அடங்கியது. கல்லின் மேல் தண்ணீர் பால் மாதிரி ஆனது. அழுத்தித் தேய்த்து நான் கத்தியின் கூரைக் கெடுத்து வைத்திருந்ததால் வெயில் ஏறும்வரை தீட்ட வேண்டியிருந்தது. கடைசியில் தோல்வாரில் இழுத்து, என் முன்கையில் வைத்துப் பார்த்தேன். பூனைமயிர் தானாக விழுந்தது.

"இந்தா," என்று முகத்தை நிமிர்த்திக் காட்டினார்.

பகல் வெளிச்சத்தில் அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போட வந்து பார்த்துவிடுவாளோ என்று வேறு கூச்சம். தாடையில் ஒரு கீறல் விழுந்து, படிகாரம் வைத்தேன். அவர் அசையவே இல்லை. முடிந்ததும் இடது கையால் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "சட்டை" என்றார்.

டீக்கடையில் தம்பிக்காரன் கல்லாவை விட்டு எழுந்து வந்தான். "அடேங்கப்பா, மாப்பிள்ளை கணக்கா இருக்கீங்களே! யாரு பண்ணி விட்டது?"

இவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் தூணுக்கு அங்கிட்டுப் போய் நின்றுகொண்டேன்.

"அப்ப எனக்கும் பண்ணி விடச் சொல்லுங்க மச்சான்."

இவர் வாயைத் திறந்தார். யாரும் இடையில் பேசவில்லை, காத்திருந்தார்கள். "மொதல்ல... க... கழுத்தக் காட்டு" என்றார்.

கடையே சிரித்தது. அவரும் கோணல் வாயோடு சிரித்தார். டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு எழுந்தார். நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். அவர் கம்பை இன்னும் தள்ளியிருக்கிற பஸ் ஸ்டாப் பக்கம் நீட்டிக் காட்டிவிட்டு, எனக்கு முன்னால் நடந்தார்.