மொட்டை வீட்டுப் பெண்

பிர்னோ நகரத்து முட்டைக்கோஸ் சந்தையில் ஊறுகாய்க் கடை போட்டிருக்கிறவள் நான். பீப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்தால் சதுக்கம் முழுக்கக் கண்ணில் படும். ஹெர்மினாவின் நாடகத்தையும் அங்கிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் குடியிருந்தது மொட்டை வீட்டில். போருக்கு முன்னால் அதைக் கட்டிச் சாரம் பிரித்த அன்று சந்தையே கூடி நின்று சிரித்தது. சுற்றிலும் பழைய வீடுகள், பூவும் கொடியும் சிங்கத்தலையுமாக. நடுவில் இது மட்டும் வழித்துவிட்ட முகம் மாதிரி. வெறும் சுவர், வெறும் ஜன்னல், கூரைகூடத் தட்டை. "மிச்சத்தை எப்பய்யா கட்டுவீங்க?" என்று வண்டிக்காரர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். அந்த வீட்டுக் காவல்காரர் சிப்ரியான்தான் ஹெர்மினாவின் அப்பா. பெண்டாட்டி போனபிறகு மகளும் அந்த வீடும்தான் அவருக்கு எல்லாம். தினமும் வாசல் கல்லைக் கழுவிவிட்டு, எட்ட நின்று ரசிப்பார்.

"எங்க வீட்டுல புறா உட்கார இடமே இல்ல, பாத்தியா? உங்க சிங்கத்துக்கெல்லாம் தலைமேல எச்சம்!" என்று என்னிடம் பெருமை வேறு.

மகளுக்கோ பள்ளிக்கூடத்திலேயே "மொட்டை" என்று பேர் விழுந்துவிட்டது. அந்த வெட்கம் அவளோடு சேர்ந்து வளர்ந்தது. கையுறைக் கடையில் வேலைக்குப் போன இடத்தில் போகுமிர் என்ற பையனைப் பிடித்துப்போயிற்று. பிடித்ததுதான் பிடித்தாள், வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூவும் தேவதையும் வார்க்கிற பட்டறைக் குடும்பத்திலா பிடிக்க வேண்டும்? அவன் அம்மா அபொலேனா மொட்டை வீட்டைத் தாண்டும்போதெல்லாம், "இந்த மாதிரி இன்னும் நாலு முளைச்சா நாம தெருவுலதான் நிக்கணும்" என்று கரித்துக்கொட்டுவாள். ஹெர்மினா பயந்துவிட்டாள். பக்கத்தில் முகப்பெல்லாம் சுண்ணாம்புத் தேவதைகள் நிற்கிற வீடு, தேவதை வீடு என்றே பேர்; அதைத் தன் வீடு என்று சொல்லிவிட்டாள்.

போகுமிர் கொண்டுவந்து விடும்போது தேவதை வீட்டு வாசலில் நுழைவாள். கொல்லை வழியாகப் போய், சுவர்க் கதவைத் திறந்து தன் வீட்டுக்கு வருவாள். சம்பந்தி பேச்சைக்கூடப் பியர் கடையில் வைத்துக்கொண்டாள். "வீட்டுல வெள்ளையடிக்கறாங்க" என்றாளாம். சிப்ரியானுக்கு இது எதுவுமே தெரியாது.

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் ஓலை வாசிக்கிற ஞாயிறு வந்தது. எங்கள் கோயிலில் பேரோடு வீட்டையும் சேர்த்துத்தான் வாசிப்பார்கள். பூசைக்கு அபொலேனாவும் வந்திருந்தாள். "சிப்ரியான் மகள் ஹெர்மினா, தேவதை வீடு" என்று சாமியார் வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அவர் முடிப்பதற்குள் முன்வரிசையில் சிப்ரியான் எழுந்துவிட்டார்.

"சாமி, வீடு மாறிப்போச்சு. நாங்க மொட்டை வீடு!"

பாவம், சாமியார்தான் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்திருக்கிறார். சொல்லிவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அந்த ஒரு பார்வையில் மனிதருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தொப்பியைக் கையில் உருட்டினார்.

"இல்ல சாமி, நீங்க வாசிச்சதுதான் சரி. வயசாச்சுல்ல... எனக்குத்தான் மறந்துபோச்சு" என்று உட்கார்ந்தார்.

கோயிலே சிரித்தது. குடியிருக்கிற வீட்டை மறந்த மனுஷன்! அபொலேனா சிரித்தாள். அவள் சிரித்ததால் ஹெர்மினாவும் சிரித்தாள். எனக்கு எழுந்துபோய் அவள் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது.

அந்த வாரம் முழுக்கச் சந்தையில் அவரை விடவில்லை. "ஏன் சிப்ரியான், புறாவுக்குத்தான் இடமில்லன்னு பாத்தா, உனக்கும் இல்லையா?" என்று மீன்காரன் கத்துவான். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வாசல் கல்லைக் கழுவினார்; ஆனால் எட்ட நின்று பார்க்கவில்லை. கழுவிய கையோடு உள்ளே போய்விடுவார்.

ஒருநாள் மீன்காரன் கத்தும்போது ஹெர்மினா என் கடையில் வெள்ளரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தாள். அப்பா சிரிப்பதைப் பார்த்தாள். வெள்ளரிக்காய்ப் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு நேரே பட்டறைக்குப் போய் அபொலேனாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாளாம்.

அபொலேனா வீட்டைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பாவி! அந்த மனுஷனைப் பாத்து நானும்ல சிரிச்சேன்!" என்று கத்தியிருக்கிறாள். சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்கிற கசகசா ரொட்டியைத் துணியில் கட்டி, ஹெர்மினாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்தை நடுவே வந்தாள். பின்னால் போகுமிர். எல்லோரும் பார்க்க மொட்டை வீட்டு முன்வாசலில் நின்று கதவைத் தட்டினாள்.

சிப்ரியான் ஈரக் கையோடு திறந்தார். அபொலேனாவைப் பார்த்ததும் பதறிப்போய் வெளியே வந்து, கதவை முதுகுக்குப் பின்னால் சாத்தினார்.

"வாங்க சம்பந்தியம்மா. வீடு மாறி வந்துட்டீங்களே? நம்ம தேவதை வீடு பக்கத்துல. நான் இங்க சும்மா படி கழுவ வந்தேன்."

ஹெர்மினாவுக்குத் தலை நிமிரவில்லை. "அப்பா, இதுதாம்ப்பா நம்ம வீடு" என்றாள்.

அவர் அவசரமாகக் கண்ணைக் காட்டினார். கிட்டே குனிந்து, "பேசாம இரு கண்ணு, நான் சமாளிச்சுக்கறேன்" என்றார்.